டிசெக்‌ஷன் என்பது உடற்கூறாய்வு அல்ல

உடல் தானச் செய்திகளில் ஒரு பிழை தொடர்ந்து கண்ணில் படுகிறது. உடல் மாணவர்களின் 'உடற்கூறாய்வு'க்காக ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அதே நாளிதழின் அடுத்த பக்கத்தில், மர்மமான முறையில் இறந்தவரின் உடலும் உடற்கூறாய்வுக்குத்தான் அனுப்பப்படுகிறது. மாணவர்கள் உடலைப் பிரித்துப் பார்த்துக் கற்பது டிசெக்‌ஷன்; மர்மச் சாவில் நடப்பது போஸ்ட்மார்ட்டம்.

'டிசெக்‌ஷன்' லத்தீன் வழிச் சொல். 'டிஸ்' என்றால் தனித்தனியாக, 'செகாரே' என்றால் வெட்டுதல். இரண்டாக வெட்டுவதைக் குறிக்கும் 'பைசெக்‌ஷன்' காதில் ஒலிப்பதால் பலர் இதையும் 'டைசெக்‌ஷன்' ஆக்கிவிட்டார்கள். வேரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

போஸ்ட்மார்ட்டம் சாவின் காரணத்தைத் தேடுகிறது. பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிறது. டிசெக்‌ஷன் உடலின் அமைப்பைக் கற்பது. ஃபார்மலினில் பதப்படுத்திய உடலில் மாதக்கணக்கில் நடப்பது. போஸ்ட்மார்ட்டம் முடிந்த உடலை மருத்துவக் கல்லூரியின் அனாடமி (உடலமைப்பியல்) துறை பொதுவாகத் தானமாக ஏற்பதே இல்லை. ஒன்று நடந்தால் மற்றொன்றுக்கு வழியில்லை என்னும் இரண்டுக்கும் ஒரே பெயரா? தந்தையின் உடலைக் கொடுத்த பிள்ளைகளிடம் ஊரார் 'போலீஸ் கேஸா?' என்று கேட்டால், அந்தப் பழி மொழிபெயர்த்தவரைச் சேரும். போஸ்ட்மார்ட்டத்துக்கு வழங்கும் 'பிரேதப் பரிசோதனை' பழைய சொல்தான், சம்ஸ்கிருத வாடையும் உண்டு. ஆனாலும் யாரையும் குழப்பியதில்லை. தூய்மைக்காகத் தெளிவைக் காவு கொடுக்க எனக்கு மனமில்லை.

டிசெக்‌ஷனுக்குச் சொல்லப்படும் 'அறுத்தாய்வு', 'வெட்டிச் சோதித்தல்' ஆகியவையும் எனக்கு உவப்பில்லை. டிசெக்‌ஷன் மேசையில் கத்தியின் வேலை குறைவு. தோலைக் கீறியபின் இடுக்கியும் விரலும்தான் நரம்பைக் கொழுப்பிலிருந்து விலக்குகின்றன. மூடிய கத்தரிக்கோலை உள்ளே விட்டு மெல்ல விரிப்பார்கள். பண்டைய அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை இதற்குச் சொல்லும் முறையிலும் கத்தி இல்லை. உடலைப் புல்லால் சுற்றி ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் தேய்த்து, தோல் முதல் அடுக்கடுக்காகப் பார்க்கச் சொல்கிறது. பெருந்தமனிச் சுவரின் அடுக்குகளுக்கிடையே ரத்தம் புகுந்து அவற்றைப் பிளக்கும் நோய்க்கும் மருத்துவர்கள் டிசெக்‌ஷன் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அங்கே யார் அறுத்தார்கள்?

ஆகவே என் தேர்வு 'கூறுபிரிப்பு'. சந்தையில் காய்கறியைக் கூறு போடுவது போல, எது எதோடு சேரும் என்று அறிந்து பிரிப்பது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் அனாடமியை 'அங்காதிபாதம்' என்றார். சொல்லி முடிக்க மூச்சு வேண்டும். ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் காவல் நிலையம் நினைவுக்கு வராது.

இப்போது உடலின் படத்தைத் திரையில் பிரித்துப் பார்க்கும் தொடுதிரை மேசைகள் வந்திருக்கின்றன. அவற்றை 'மெய்நிகர் உடற்கூறாய்வு மேசை' என்கிறார்கள். 'மெய்நிகர்' பிழைத்துப் போகட்டும். மெய் என்றால் உடலும்தானே. சிமுலேஷனை 'உருவகப்படுத்துதல்' என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. முகமதி என்பது உருவகம். மாணவர் திரையில் செய்வது மாதிரிப் பயிற்சி. 'பாவனை' என்று மாற்றினால் இலங்கையில் அதற்குப் பயன்பாடு என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், வெட்டு என்ற சொல் பொருந்துவது இந்தத் திரைகளுக்குத்தான். 1994இல் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்ட ஆணுடல் படத்தொகுப்புக்காக, உறைந்த உடலை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் படமெடுத்தார்கள். திரையில் விரலை இழுத்தால் எந்தக் கோணத்திலும் வெட்டுமுகம் தெரிகிறது. நரம்பைக் கொழுப்பிலிருந்து விலக்கும்போது விரல் உணரும் இழுவை மட்டும் அதில் இல்லை. அதற்குக் கூறுபிரிப்பு என்று பெயர் வைக்க வேண்டாம். 'வெட்டுமுகத் திரை' போதும்.