தூக்கும் எடை ஏறாமல் நிற்கும்போது எதை மாற்றுவது?

ஜிம்மில் சேர்ந்த வாரம் எழுதித் தந்த அட்டவணையையே ஒரு வருடம் கழித்தும் செய்பவர்கள் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யூடியூபில் பார்த்த புதுத் திட்டத்துக்குத் தாவுபவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் பாரில் (எடை மாட்டும் இரும்புக் கம்பியில்) தூக்கும் எடை ஓரிடத்தில் நின்றுவிடும். திட்டம் மாறத்தான் வேண்டும், ஆனால் அதைச் சலிப்பு முடிவு செய்யக்கூடாது, குறிப்பேடு முடிவு செய்ய வேண்டும். தேதி, எடை, ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது), செட் (ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் ரெப்களின் தொகுப்பு) நான்கையும் எழுதாதவருக்கு எந்தத் திட்டம் கொடுத்தும் பயனில்லை.

புதியவருக்கு வாரம் 3 நாள் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள். ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மார்பிலிருந்து மேலே தள்ளுவது), ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேல் தள்ளுவது), ரோ (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது) எல்லாம் 5 ரெப் வீதம் 3 செட். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) மட்டும் 1 செட். ஒவ்வொரு பயிற்சிக்கும் 2.5 கிலோ ஏற்றலாம். தொடக்க வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு தசை பெருத்து வருவதல்ல, இருக்கும் தசையை முழுதாக வேலை வாங்க நரம்புகள் பழகுவதால் வருவது. அதனால்தான் இரண்டு நாளில் மறுபடி ஏற்ற முடிகிறது. இந்தக் கட்டத்தில் மார்புக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று பிரித்தால் வாரத்துக்கு ஒரே ஒரு ஸ்குவாட்தான் மிஞ்சும். அது வீண்.

முதலில் நிற்பது பெரும்பாலும் ஓவர்ஹெட் பிரஸ்தான். கணக்கு எளிது: 100 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ என்பது 2.5 விழுக்காடு, 25 கிலோ பிரஸ்ஸில் அதுவே 10 விழுக்காடு. சிறு பிளேட் (பாரில் மாட்டும் எடைத் தட்டு) இல்லாத ஜிம்மில் எடையைத் தொடாமல் ரெப்பைக் கூட்டுங்கள். 3 செட்டிலும் 5 ரெப் 8 ஆனபிறகு எடையை ஏற்றி, மறுபடி 5இல் தொடங்கலாம். அரை கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதும் நல்லது.

ஒரே எடையில் தொடர்ந்து மூன்று பயிற்சி தோற்றால் உடனே திட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் ஓய்வைப் பாருங்கள். மாலை 7 மணிக்கு வட்டாரத்து ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்மில் பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது 3 நிமிட ஓய்வு 1 நிமிடமாகிவிடும். கனமான செட்டுக்கு அது போதாது. அடுத்து தூக்கம். பிறகு புரதம்: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம். காலையில் பரோட்டா, மதியம் சோறு சாம்பார் என்று போனால் 70 கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராம் தேறாது. முட்டை, மீன், தௌக்வா (கெட்டியான டோஃபு), தயிர் என்று திட்டமிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இவை சரியாக இருந்தும் நின்றால் எடையை 10 விழுக்காடு இறக்கி மீண்டும் ஏறுங்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்றால்தான் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டத்தில் பயிற்சிக்குப் பயிற்சி ஏற்றியது, வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதாக மாறுகிறது. தூண்டுதல் அதிகம் தேவை, அதிலிருந்து மீளவும் நாள் அதிகம் தேவை என்பதே காரணம். ஸ்குவாட் 90 கிலோவில் நின்றவருக்கு: திங்கள் 80 கிலோ, 5 ரெப், 5 செட். புதன் 65 கிலோ, 2 செட் மட்டும். வெள்ளி 92.5 கிலோ, 5 ரெப், ஒரே செட். அடுத்த வாரம் திங்களிலும் வெள்ளியிலும் 2.5 கிலோ கூடும். இந்தத் திட்டம் கெடுவது பெரும்பாலும் புதனில்தான். எடை லேசாக இருக்கிறதே என்று ஏற்றிவிடுவார்கள், வெள்ளியன்று பார் எழும்பாது. திங்களின் களைப்பு வெள்ளிவரை நீடித்தால் 5 செட்டை 4 ஆக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வார ஏற்றமும் நின்றபிறகுதான் மாதக் கணக்கு. அதற்கு உங்கள் உச்ச எடை, அதாவது ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை, தெரிய வேண்டும்; தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள். 100 கிலோவை 5 முறை தூக்குபவருக்குச் சுமார் 117 வரும். 10 ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. முதல் வாரம் உச்சத்தின் 75 விழுக்காட்டில் 6 ரெப், 4 செட். இரண்டாவது வாரம் 80இல் 5 ரெப், 4 செட். மூன்றாவது வாரம் 85இல் 3 ரெப், 5 செட். நான்காவது வாரம் 70இல் 5 ரெப், வெறும் 2 செட். நான்காவது வாரத்தைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் முழங்கையும் முதுகும் முதலில் புலம்பும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் தொடக்கத்திலிருந்தே வார ஏற்றத்தில் போகலாம். ரத்த அழுத்தம் இருந்தால் மூச்சை அடக்கித் தூக்க வேண்டாம், மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். இன்சுலின் போடுபவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்காட்டியும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஐபிபிடி எனும் தேசிய சேவை உடற்தகுதித் தேர்வுக்காக 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தைக் கூட்டும் வாரங்களிலும், தைப்பூச விரதத்திலும், புரட்டாசியிலும் புது எடைக்கு ஆசைப்பட வேண்டாம். பாரில் இருக்கும் எடையைக் குறைக்காமல் செட்டுகளைப் பாதியாக்குங்கள். பலம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. முழுப் பயிற்சிக்குத் திரும்பும் முதல் வாரம் பழைய எடையில் 90 விழுக்காட்டில் தொடங்குங்கள்.