பிடில்காரர்

பிடிலும் வயலினும் ஒரே கருவி. கச்சேரி மேடையில் அதற்கு வயலின் என்று பெயர். ஊர்க்கூட்டத்தில் நாட்டுப்புற மெட்டுக்கு ஆடுபவர்களுக்காக வாசித்தால் பிடில். அப்படி வாசிப்பவரைத்தான் ஆங்கிலத்தில் 'ஃபிட்லர்' என்கிறார்கள்.

'பிடில்' என்ற சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது. அதற்கும் முந்தைய வேர் இடைக்கால லத்தீனின் 'விதுலா' என்று கருதுவோர் உண்டு. அது சரியென்றால் 'வயலின்' என்ற சொல்லும் இதற்குப் பங்காளி. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இச்சொல்லின் நடுவே வரும் மெய் எழுத்தில் மட்டும் நிற்கிறது, உச்சரிப்பில் மறைந்துவிட்டது: கருவி 'ஃபீயல்', வாசிப்பவர் 'ஃபீலர்'.

கேலிக் பேசிய ஸ்காட்லாந்து மலைநாட்டார் ஏராளமானோர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் குடியேறினார்கள். பிடில் கலைஞர் பட்டி மெக்மாஸ்டர் (1924–2014) அந்த வழி வந்தவர். ஜூடிக் என்ற ஊரில் வளர்ந்தார். அப்பாவும் பிடில் வாசிப்பார், பெற்றோர் இருவரும் கேலிக் பேசியவர்கள். பிழைப்புக்கு ரயில்வே வேலை, இரவில் ஊர் ஊராக நடனக்கூடங்களில் வாசிப்பு. சகோதரர் மகள் நடாலி மெக்மாஸ்டர் இன்று உலகறிந்த பிடில் கலைஞர். கருவி கிடைக்காத வீட்டில் வாயாலேயே நடனமெட்டைப் பாடும் வழக்கமும் அங்கே உண்டு. 'வாய்மெட்டு' என்பதுதான் அதன் கேலிக் பெயருக்கே பொருள். 'ஸ்ட்ராத்ஸ்பே' என்ற நடனமெட்டில் குறுகிய ஸ்வரம் ஒன்று வெடுக்கென்று விழ, நெடியது தொடரும். வாசிப்பவரின் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கேலிக் பேச்சின் அழுத்தமே வில்லில் இறங்கியிருக்கிறது என்பார்கள் அத்தீவினர்.

'ஃபிட்லர்' என்பதைத் தமிழில் என்ன சொல்வது? 'வில்யாழ்' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் வில்யாழ், குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி, இடையன் விரலால் மீட்டுவது. அதில் வில்தான் கருவி. நரம்பில் உரசும் கோல் அல்ல. 'வயலின் வித்துவான்' என்றால் சபையும் சால்வையும் நினைவுக்கு வரும். 'நரம்பிசைக் கலைஞர்' என்பதில் வீணைக்காரரும் அடக்கம்.

பிடில் நமக்குப் பழகிய சொல்தான். கர்நாடக இசை வயலின் கலைஞர் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரை 'பிடில் கிருஷ்ணய்யர்' என்றே அழைத்தார்கள். தவில்காரர் போல, பிடில்காரர். பெண்ணாக இருந்தாலும் அதுவே போதும், மரியாதையும் குறையாது. பரம்பரையைச் சுட்ட வேண்டுமானால் 'பிடில்காரர் குடும்பம்' என்று எழுதலாம்.