ஒரே வயித்துப் பிள்ளையள்தானே டொக்டர், இவனுக்கு மட்டும் ஏன்?

மாரி தொடங்கினா யாழ்ப்பாணத்தில எங்கட பிழைப்பு டெங்குவோடதான். கார்த்திகையில இருந்து தை முடியுமட்டும் கிளினிக் திறக்க முதலே ரிப்போர்ட்டும் கையுமா சனம் வாசல்ல நிக்கும். போன மாரிக்கு ஒரு அம்மா ரெட்டைப் பெடியளில ஒருத்தனைத் தாங்கிப் பிடிச்சுக் கொண்டுவந்தவ, உடனே வாட்டில போடவேண்டிய நிலைமை. மற்றவன் வெளியில மோட்டச்சைக்கிள்ல இருந்து போன் நோண்டிக்கொண்டிருக்கிறான், ஒரு தும்மல்கூட இல்லை. "ஒரே வயித்தில கிடந்து ஒரே சோறு திண்டு வளந்ததுகள் டொக்டர், இவனுக்கு எதிர்ப்புசக்தி குறைஞ்சுபோச்சோ?"

குறையேல்லை அம்மா எண்டு மட்டும் சொல்லி அனுப்பினன். மிச்சத்தை இஞ்ச எழுதுறன்.

அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டிக்காரர் 105 சோடி ரெட்டையரின்ர ரத்தத்தை எடுத்து, எதிர்ப்பு செல்லுகள், அதுகள் விடுற புரதங்கள் எண்டு 204 விசயத்தை அளந்து 2015ல வெளியிட்டவை. அதில 77 வீதமானதுகள் பரம்பரையை விட வாழ்க்கையில பிறகு வந்து சேர்ந்த காரணங்களாலதான் கூடுதலா மாறியிருந்தது. சைற்றோமெகலோ எண்டொரு வைரஸ் இருக்கு, கனபேருக்குச் சின்ன வயசிலயே வந்து சத்தம்போடாமல் சாகுமட்டும் உடம்பில குந்திக்கொண்டிருக்கும், ஆளுக்குத் தெரியவே தெரியாது. அச்சொட்டா ஒரே மாதிரி ரெட்டையரில ஒராளுக்கு அது இருந்து மற்றாளுக்கு இல்லையெண்டா, அந்த ஒண்டாலயே அளந்ததில பாதிக்கு மேல வித்தியாசப்பட்டுப் போச்சு. ரெண்டு பேரும் நல்ல சுகதேகியள், அதையும் கவனியுங்கோ.

அதுக்காகப் பரம்பரை ஒண்டுமில்லை எண்டில்லை. ஹெப்படைட்டிஸ் பி ஊசி மூண்டும் ஒழுங்காப் போட்டும், ஒரு வருத்தமுமில்லாத பெரியாக்களிலயே 100க்கு 5 தொடக்கம் 10 பேருக்கு அன்ரிபொடி, அதாவது கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யிற புரதம், போதுமான அளவு வராது. எதிர்ப்பு செல்லுகளுக்குக் கிருமியை அடையாளம் காட்டிக்குடுக்கிற எச்எல்ஏ எண்டுற ஜீன்கள் ஆளுக்காள் வேறவேறயா இருக்கிறது அதுக்கு ஒரு காரணம். அந்த ஒரு ஊசிக்குத்தான் உடம்பு அசையேல்லை, மற்றப்படி ஆள் கல்லுமாதிரி இருப்பார்.

இப்ப டெங்குவுக்கு வருவம். அது நாலு வகை. ஒரு வகை வந்துபோய் பிறகு வேறொரு வகை வந்தா, பழைய அன்ரிபொடி வைரஸைத் தடுக்காமல் கையைப் பிடிச்சுச் செல்லுக்குள்ள கூட்டிக்கொண்டு போற மாதிரி வேலை பார்த்துவிடலாம். அப்ப அந்தப் பெடியன் படுத்தது எதிர்ப்பு குறைஞ்சதால எண்டு எப்பிடிச் சொல்லுறது? முதலே சத்தமில்லாமல் ஒருக்கா வந்துபோயிருக்கலாம், ஏனெண்டா டெங்கு தொத்துற நாலு பேரில மூண்டு பேருக்கு ஒரு குணங்குறியும் வராது. வெளியில இருந்தவனுக்கும் அப்பவே தொத்தியிருக்கலாம், ஆருக்குத் தெரியும்.

இன்னொண்டு, ரிப்போர்ட்டை ரிப்போர்ட்டோட ஒப்பிடுற பழக்கம். புருசனுக்கு வெள்ளையணு 9800, மனிசிக்கு 4600, மனிசிக்கு ரத்தம் பலமில்லையாம். 4000க்கும் 11000க்கும் இடையில எல்லாம் நோமல்தான், ஒரே ஆளுக்கே காலமைக்கும் பின்னேரத்துக்கும் மாறும். எதிர்ப்புசக்தி இவ்வளவு எண்டு சொல்ல ஒரு நம்பரும் இல்லை, நம்பரே இல்லாததை எப்பிடிக் கூட்டினது எண்டு கனடாவில இருந்து மாமா அனுப்பின இமியூனிட்டி பூஸ்டர் போத்திலிட்டத்தான் கேக்கவேணும். கூடினா நல்லதெண்டும் இல்லை பாருங்கோ, எதிர்ப்பு சொந்த உடம்பையே தாக்குற லூபஸ் எண்ட வருத்தம் வந்து மூட்டும் சிறுநீரகமும் அடிபட்டு வாற பெட்டையளுக்கு அவையின்ர சொந்த எதிர்ப்புதான் எதிரி.

பெடியன் ஆறாம் நாள் வீட்டை போனவன். கிளினிக்குக்குக் காட்ட வரேக்க அம்மா மற்றவனையும் உள்ளுக்குக் கூட்டிவந்து, இவனுக்கு வராமல் இருக்க ஒரு ரொனிக் எழுதித் தாங்கோ எண்டா. ரொனிக் எழுதேல்லை. கிணத்தடி வாளியையும் பூச்சாடித் தட்டுகளையும் கவிழ்த்து வையுங்கோ, இவனுக்குக் காய்ச்சல் எண்டா பனடோல் மட்டும், புரூஃபனோ டைக்ளோஃபெனக்கோ வாயில வைக்கவேண்டாம், காய்ச்சல் விட்டாப்பிறகு வயித்துக்குத்து, சத்தி, சோர்வு எண்டா விடியுமட்டும் பாக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ எண்டன். அவன் போனை விட்டிட்டு முதல்தரம் நிமிர்ந்து பாத்தான்.