நெஞ்சில் கோத்த நீரை எடுக்கும்போது காற்று புகுந்தால்

"மொத்தத் தண்ணியையும் இன்னைக்கே எடுத்துடுங்க டாக்டர்." நெஞ்சில் நீர் கோத்தவரின் வீட்டார் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். நியாயமான ஆசைதான். கொஞ்சம் நீர் இறங்கியதுமே அவர் நன்றாக மூச்சு விடுவதைக் கண்ணால் பார்க்கிறார்களே! ஆனாலும் ஒரே தடவையில் சுமார் 1.5 லிட்டரோடு நிறுத்திக்கொள்வதே பொதுவான வழக்கம். நெடுநாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் சுரந்துவிடலாம். இன்னொரு சிக்கல், நுரையீரலுக்கு வெளியே, நெஞ்சுக்குள் காற்று புகுவது.

நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. நீர் கோப்பது அவற்றுக்கு இடையிலுள்ள இடுக்கில்தான். அந்த இடுக்கில் காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். ரிப்போர்ட்டில் 'நியூமோதோராக்ஸ்' என்று எழுதுவது இதைத்தான். ஊசி நுனி நுரையீரலில் பட்டு இப்படி ஆகலாம். நீர் வடியும் குழாயை மாற்றும் நொடியில் வெளிக்காற்று உள்ளே போய்விடுவதும் உண்டு.

இன்னொரு வகை இருக்கிறது. புற்றுநோயாலோ பழைய தொற்றாலோ உறை தடித்துப்போனவர்களுக்கு, நீரை எடுத்தாலும் நுரையீரல் விரியாது. நீர் இருந்த இடத்தில் அழுத்தம் குறைந்துகொண்டே போய், கடைசியில் காற்று வந்து நிரம்பும். இதில் யார் கையிலும் தவறில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் "ஊசியால குத்திட்டாங்க" என்று முடிவுகட்டியவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசி போட்டால் ஆபத்து நன்றாகவே குறைகிறது. ஸ்கேனில் இடத்தைக் குறித்த பிறகு, உட்கார்ந்த நிலையை மாற்ற வேண்டாம். ஆள் அசைந்தால் உள்ளே நீரும் இடம் மாறும்.

நோயாளிகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். இருமல் வருகிறதா, ஊசி உள்ளே இருக்கும்போதே சொல்லுங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறதா, அதையும் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அத்தோடு நிறுத்திவிடுவோம். மிச்சத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

முடிந்த பிறகு லேசான இருமல் சகஜம். திடீரென்று குத்தும் வலியோ, தோள்பட்டை வலியோ, அதிகரித்துக்கொண்டே போகும் மூச்சுத்திணறலோ அப்படியல்ல. சில மணி நேரம் கழித்து வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கொஞ்சம் காற்றுதான் என்றால் பெரும்பாலும் தானாகவே உறிஞ்சப்பட்டுவிடும். கண்காணித்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் போதும். அதிகமாக இருந்து மூச்சு வாங்கினால், சின்னக் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டிவரும். அப்புறம், விமானப் பயணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உயரத்தில் அந்தக் காற்று விரியும். அது முழுதாகப் போய்விட்டதென்று மருத்துவர் சொல்லும்வரை பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்.