படகு நின்ற பிறகுதான் தொல்லை

ஸ்கூபா படகு கரையை விட்டுக் கிளம்பும்போது பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. காற்று முகத்தில் அடிக்கும், ஆளாளுக்கு செல்ஃபி எடுப்பார்கள். இறங்க வேண்டிய இடம் வந்து, எஞ்சினை அணைத்து, மிதவையில் கயிற்றைக் கட்டிக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் பேச்சு குறையும். ஒருவருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும். இன்னொருவர் முகம் வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. வாயில் எச்சில் ஊறும். அப்புறம் படகின் ஓரத்தைத் தேடி ஓட்டம்தான். புதுச்சேரிக் கடலானாலும், முருடேஸ்வரிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நேத்ராணித் தீவானாலும், அந்தமானானாலும் இதே வரிசைதான்.

கடல் மயக்கம் என்கிற இந்தக் குமட்டல், ஓடும் படகில் வராமல் நின்ற படகில் ஏன் வருகிறது? தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கியதும் பலருக்கு அது ஏன் அடங்கிவிடுகிறது? காலையில் சாப்பிட்ட இட்லியைக் குறை சொல்வதில் பயனில்லை. பதில் காதுக்குள்ளும், அலையின் கணக்கிலும் இருக்கிறது.

உட்காதில், எலும்புக்குள் புதைந்தபடி, கேட்பதோடு சம்பந்தமில்லாத ஒரு கருவி உண்டு. மூன்று அரைவட்டக் குழாய்கள், மூன்று வெவ்வேறு தளங்களில், உள்ளே திரவம். தண்ணீர் நிறைந்த சொம்பைச் சட்டென்று திருப்பினால் சொம்பு திரும்பிவிடும், தண்ணீர் பின்தங்கும். தலையைத் திருப்பும்போது இந்தக் குழாய்களிலும் அதுதான் நடக்கிறது. பின்தங்கிய திரவம் நுண்ணிய மயிரிழைகளை வளைக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்பியது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. குழாய்களின் அடியில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் பிசுபிசுப்பான படலம், அதன் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள். முன்னும் பின்னும், மேலும் கீழும் நாம் நகர்வதையும், 'கீழே' என்பது எந்தத் திசை என்பதையும் சொல்பவை இந்தத் துகள்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தலை சாய்ந்தாலும் துகள்கள் சரியும், உடம்பு வேகமெடுத்து நகர்ந்தாலும் சரியும். இரண்டில் எது நடந்தது என்று துகள்களுக்குத் தெரியாது. மூளைதான் ஊகிக்க வேண்டும். மெதுவாக மாறினால் அது சாய்வு, விறுவிறுவென்று மாறினால் அது நகர்வு என்று எடுத்துக்கொள்வது மூளையின் வழக்கம். இரண்டுக்கும் நடுவே வரும் ஆட்டத்தில் அது குழம்புகிறது என்பது ஒரு விளக்கம். 1970களில் அமெரிக்காவில், மேலும் கீழும் ஆடும் ஒரு அறைக்குள் இளைஞர்களை இரண்டு மணி நேரம் வரை உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஏறி இறங்க சுமார் 5 முதல் 6 விநாடி எடுத்துக்கொள்ளும் ஆட்டம்தான் அதிகம் பேரை வாந்தி எடுக்க வைத்தது. அதைவிட வேகமான ஆட்டம் உடம்பை உலுக்குமே தவிர, வயிற்றை அவ்வளவாகப் புரட்டாது.

இப்போது படகுக்கு வருவோம். 5 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறக்குறைய 39 மீட்டர். அதை எதிர்த்து மணிக்கு 30 கிலோமீட்டரில் படகு போனால், இரண்டரை விநாடிக்கு ஒரு அலை மோதும். முதுகு வலிக்கும், ஆனால் குமட்டல் குறைவு. எஞ்சினை அணைத்ததும் அதே கடல் 5 விநாடிக் கணக்குக்குத் திரும்பிவிடுகிறது. போதாததற்கு, அதுவரை பின்னால் போய்க்கொண்டிருந்த டீசல் புகை படகையே சுற்றுகிறது. முகத்தில் அடித்த காற்றும் நின்றுவிட்டது. இதே கணக்கால்தான், கரைக்குத் திரும்பும்போது அலை பின்னாலிருந்து துரத்தி வந்தால், அலைக்கு அலை இடைவெளி நீண்டு, ஓடும் படகிலும் சிலருக்குப் புரட்டும்.

உட்காதுதான் காரணம் என்பதற்கு ஆணித்தரமான சான்று ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் விண்வெளிப் பயணம் உடம்பை என்ன செய்யும் என்று அறிய விரும்பிய அமெரிக்கக் கடற்படை, காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் 10 பேர் சிறுவயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனோடு உட்காதின் சமநிலைக் கருவியையும் இழந்தவர்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் இவர்களைக் கப்பலேற்றினார்கள். அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, ஆராய்ச்சியாளர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டதால் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

கண்ணின் பங்கும் உண்டு. படகின் அறைக்குள் உட்கார்ந்து, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டிருப்பவரின் கண், எதிரே இருக்கும் சுவர் அசையவில்லை என்கிறது. காது ஆடுகிறது என்கிறது. இந்த முரண்பாடுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மை. பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்கும் கடல் மயக்கம் வரும். ஆகவே பிரச்சினை கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மட்டும் இல்லை. அடுத்த நொடி உடம்பு எங்கே போகும் என்று மூளை போடும் கணக்குக்கும், உண்மையில் வந்து சேரும் செய்திக்கும் நடுவே இருக்கிறது. சுக்கான் பிடிப்பவருக்கு ஏன் பெரும்பாலும் வருவதில்லை என்பது இதில் விளங்கும்: அலையைப் பார்த்துப் படகைத் திருப்புபவர் அவர், அதனால் அவர் மூளைக்கு ஆச்சரியம் குறைவு. இரண்டு மூன்று நாள் கடலிலேயே இருந்தால் மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொண்டுவிடும். பிறகு கரையில் இறங்கும்போது தரை ஆடும், அது வேறு கதை.

சரி, கணக்கு தப்பினால் வாந்தி எதற்கு? புலன்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் விஷம் உள்ளே போயிருக்கிறது என்று உடம்பு முடிவு செய்கிறது, அதனால்தான் வெளியேற்றுகிறது என்று 1977இல் ட்ரைஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை வைத்தார். அழகான கருத்து, எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

தண்ணீருக்குள் போனால் என்ன மாறுகிறது? அலையில் தண்ணீர்த் துகள்கள் வட்டமடிக்கின்றன. மேற்பரப்பில் பெரிய வட்டம். ஆழம் கூடக் கூட வட்டம் மளமளவென்று சிறுக்கும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் அசைவு அநேகமாக இல்லை. நம் 39 மீட்டர் அலையில் 10 மீட்டர் ஆழத்திலேயே அசைவு மேற்பரப்பில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். 20 மீட்டரில் நூற்றுக்கு நான்கு. அதனால்தான் படகில் செத்தேன் என்று கிடந்தவர் கீழே போனதும் மீனைக் காட்டிக் கும்மாளம் போடுகிறார். ஆனால் ஏறும்போது, உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டுமே, அங்கே அசைவு ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதாவது அசையாத பொருளைப் பார்க்கலாம் என்றால், கயிறே படகோடு சேர்ந்து குதிக்கும். கயிற்றிலிருந்து ஒரு கை தள்ளி மிதந்து நிற்கப் பழகியவர்கள் தப்பித்தார்கள். தொலைவிலிருந்து எழுந்து வரும் நீண்ட அலையென்றால் இந்தக் கணக்கு மாறும்: 8 விநாடி அலையின் நீளம் 100 மீட்டர், 15 மீட்டர் ஆழத்திலும் அதில் ஐந்தில் இரண்டு பங்கு அசைவு மிஞ்சும்.

இவ்வளவும் தெரிந்தால் படகில் என்ன செய்வது என்பது தானாக வந்துவிடும். "கீழ பார்க்காதீங்க, தூரத்துல கரையைப் பாருங்க" என்று படகுக்காரர் சொல்வது முழு உண்மை. கண்ணுக்கு அடிவானம் தெரிந்தால் மூளையின் கணக்கு திருந்தும். முனையில் உட்கார்ந்தால் ஏற்ற இறக்கம் அதிகம், படகின் நடுப்பகுதியில் குறைவு. குனிந்து செய்யும் வேலைதான் பெரிய எதிரி. சிலிண்டரில் ரெகுலேட்டரைப் பொருத்துவது, காற்றழுத்தம் பார்ப்பது, எடைப் பட்டையைச் சரிசெய்வது எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிடுங்கள். வெட்சூட்டை, அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் டைவிங் உடையை, இடுப்பு வரை மட்டும் ஏற்றி வைத்திருங்கள், வெக்கை குமட்டலைக் கூட்டும். முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். இறங்கிய பிறகு மேற்பரப்பில் மற்றவர்களுக்காக மிதந்து காத்திருப்பது படகைவிட மோசம். பட்டினியும் கிடக்காதீர்கள். வாந்தி வந்துவிட்டால் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளாமல், காற்று வெளியே வீசும் பக்கத்து ஓரத்தில் எடுப்பது நல்லது. கூட ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

மாத்திரையில் பலரும் தவறு செய்வது இரண்டு இடத்தில். ஒன்று, நேரம். குமட்டல் தொடங்கினால் வயிறு தன் வேலையை நிறுத்திவிடுகிறது, விழுங்கியது அங்கேயே கிடக்கும். சின்னாரிசின் போன்றவற்றைக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டைக்கு நான்கு மணி நேரமாவது வேண்டும். இரண்டாவது, ஆள் மாறாட்டம். வாந்தி என்றதும் நம் வீடுகளில் கை போவது ஒன்டான்செட்ரானுக்கு. கீமோதெரபி வாந்தியை அது நன்றாக நிறுத்தும், ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு அநேகமாக உதவாது, ஏனென்றால் அந்தப் பாதையே வேறு. அவோமினில் உள்ள ப்ரோமெதசின் உதவும், ஆனால் நன்றாகத் தூக்கம் வரும். ஆழத்தில் நைட்ரஜன் ஏற்கெனவே மூளையை மந்தமாக்குகிறது. அதோடு தூக்க மருந்தும் சேர்வது நல்லதல்ல. எந்த மாத்திரையானாலும் டைவிங் தெரிந்த மருத்துவரைக் கேட்டு, முதலில் கரையில் ஒருநாள் போட்டுப் பாருங்கள். கண் அழுத்தமோ ப்ராஸ்டேட் தொல்லையோ இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

இஞ்சி மரப்பாவை நான் கிண்டல் செய்ய மாட்டேன். 1988இல் டென்மார்க் கடற்படையின் பயிற்சி மாணவர்கள் 80 பேரை வைத்து நடந்த சோதனையில் இஞ்சி சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர் வியர்வையும் குறைந்தன. குமட்டலில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. தூக்கம் வராது என்பதே டைவருக்கு அதன் பெரிய நன்மை.

தண்ணீருக்குள்ளேயே வாந்தி வந்தால்? ரெகுலேட்டரை வாயில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே எடுங்கள். வாந்தி முடிந்ததும் உடம்பு தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். வாயில் ரெகுலேட்டர் இல்லையென்றால் கடல்நீர் உள்ளே போகும். பிறகு ரெகுலேட்டரில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பட்டனை அழுத்திச் சுத்தம் செய்யுங்கள், அடைத்துக்கொண்டால் மாற்று ரெகுலேட்டருக்கு மாறுங்கள். பதறி மேலே ஓடாதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். மீன்கள் கூட்டமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும், அவற்றுக்கு அருவருப்பெல்லாம் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். போகும்போது நன்றாக இருந்தவருக்கு, ஆழமான டைவ் முடிந்து ஏறிய சிறிது நேரத்தில் உலகமே சுழன்று வாந்தி வந்தால், அதைக் கடல் மயக்கம் என்று ஓரமாகப் படுக்க வைத்துவிடாதீர்கள். அழுத்தம் குறையும்போது உருவாகும் நைட்ரஜன் குமிழிகள் உட்காதையும் தாக்கும்; அறிகுறிகள் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஒரு காது மந்தமாவது, காதில் இரைச்சல், கண்மணி ஒரு பக்கமாகத் துடிப்பது, கை கால் மரத்துப்போவது, அடிவானத்தைப் பார்த்தும் சுழற்சி அடங்காமல் இருப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே தூய ஆக்சிஜன் கொடுத்து, படகைக் கரைக்குத் திருப்பி, உயரழுத்த ஆக்சிஜன் அறை இருக்கும் மருத்துவமனையோடு பேசத் தொடங்க வேண்டும்.