நெருப்பை நம்பாத ஃபர்னஸ்

சாமம் இரண்டு மணி. வெளியே மைனஸ் 22. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில், போர்வையைப் போர்த்துக்கொண்டு, வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸுக்கு முன்னால் குந்தியிருந்தேன். உள்ளே ஒரு சின்ன மோட்டர் சுற்றத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று செக்கச்செவேலென்று பழுக்கிறது. 'பூப்' என்று காஸ் பற்றி, வரிசையாக நீலச் சுவாலைகள். அப்பாடா என்று எழும்ப முதல், நாலே வினாடியில் எல்லாம் அணைந்துவிடுகிறது. திரும்ப மோட்டர், திரும்பத் தணல், திரும்ப நாலு வினாடி. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு அது பேசாமல் இருந்துவிட்டது.

விடிந்ததும் திருத்த வந்த தம்பி ஒரேயொரு திருகாணியைக் கழற்றி, பென்சிலை விட மெல்லிய கம்பி ஒன்றை வெளியே இழுத்தார். "மெசின் பழுதில்லை அண்ணை, கம்பியிலை ஊத்தை." மெல்லிய இரும்பு நாரால் நாலு இழுப்பு இழுத்துத் திரும்பப் பூட்டினார். வீடு சூடேறத் தொடங்கியது. வேலை ஐந்து நிமிடம். பில்லைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அந்தக் கம்பி என்ன செய்கிறது என்று பிறகு தேடிப் படித்தபோதுதான் ஃபர்னஸின் குணமே பிடிபட்டது. அது ஒரு சந்தேகப் பிராணி. ஒவ்வொரு படியிலும் 'முந்தின வேலை முடிந்ததற்குச் சாட்சி எங்கே?' என்று கேட்கும். சாட்சி வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாது.

சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் 'குளிருது' என்று 24 வோல்ட் கம்பி வழியாகச் சொன்னதும் காஸ் திறப்பதில்லை. முதலில் புகையை வெளியே இழுக்கும் சின்ன விசிறி சுற்றுகிறது. அது சுற்றினால் போதாது, இழுக்கவும் வேண்டும். குழாயில் உறிஞ்சல் உண்டாகிறதா என்று ரப்பர் சவ்வு வைத்த ஒரு சுவிட்ச் பார்க்கிறது. பனி கொட்டிய மறுநாள் ஃபர்னஸ் நின்றுபோனால், முதலில் வீட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களும் பனிக்குள் புதைந்திருந்தால் அந்தச் சுவிட்ச் சாட்சி சொல்லாது. ஒரு சவளால் தீருகிற வியாதி.

உறிஞ்சல் உறுதியானதும் பற்றவைப்பான் பழுக்கிறது. அது மண்வகைப் பொருளில் செய்த, மின்சாரத்தால் சூடேறும் பட்டை. பிறகுதான் காஸ் வால்வ் திறக்கும். அந்தக் கணத்திலிருந்து சில வினாடிகளுக்குள் கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும்: நெருப்பு உண்மையிலேயே பற்றியிருக்கிறதா? பற்றாமல் காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் நம் கம்பி வருகிறது. சூட்டை அளப்பதுதான் அதன் வேலை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. அது சுவாலைக்குள் மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கிறது. காஸ் எரியும்போது மூலக்கூறுகள் உடைந்து, சுவாலைக்குள் எலெக்ட்ரான்களும் நேர்மின் அயனிகளும் மிதக்கும். அதனால் நெருப்பும் ஒரு மட்டமான வயர்தான். கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால், சுவாலை வழியாகப் பர்னருக்கு மிகச் சிறிய மின்னோட்டம் பாயும்.

அழகு இனித்தான். கம்பி சின்னது, பர்னர் பெரிய உலோகப் பரப்பு. எலெக்ட்ரான் எடையில்லாதது போல ஓடும். அயனி அதன் பக்கத்தில் யானை. கம்பி நேர்மின் பக்கமாக இருக்கும்போது எலெக்ட்ரான்கள் பாய்ந்து வந்து சேர்கின்றன. திசை மாறியதும் அசைந்து அசைந்து வரும் அயனிகளைப் பிடிக்க அந்த மெல்லிய கம்பியில் இடம் போதாது. ஆகவே ஒரு பக்கமாக மட்டும் கூடுதலாகப் பாய்கிறது. மாறுதிசை மின்சாரத்தை நெருப்பே ஒருதிசையாக்கிவிடுகிறது. ஃபர்னஸின் மூளையான கட்டுப்பாட்டுப் பலகை தேடுவது இந்த ஒருதிசை மின்னோட்டத்தை மட்டும்தான். வயர் எங்காவது ஃபர்னஸின் உலோக உடம்பில் பட்டு ஷார்ட் ஆனாலும், ஈரம் பட்டாலும் மின்சாரம் இரண்டு பக்கமும் சமமாகத்தான் பாயும். அதைப் பலகை நெருப்பென்று எடுத்துக்கொள்ளாது. பொய்ச்சாட்சிக்கு இடமில்லை.

ஆனால் அந்தச் சாட்சியின் குரல் ரொம்பச் சன்னம்: சில மைக்ரோஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்கு. வீட்டுத் தூசியில் உள்ள சிலிக்கா நெருப்பில் வெந்து கம்பியின்மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத படலமாக ஒட்டிக்கொண்டாலே போதும், குரல் அடங்கிவிடும். நெருப்பு கண்முன்னே எரிகிறது, பலகைக்கோ இருட்டு. அது காஸை மூடுகிறது. நான் அன்றிரவு பார்த்த நாலு வினாடி இதுதான்.

கம்பியை நீங்களே துடைக்கலாம்: முதலில் மின்சாரத்தையும் காஸையும் நிறுத்த வேண்டும், பக்கத்திலிருக்கும் பற்றவைப்பானில் விரலோ கம்பியோ முட்டக்கூடாது, அது பிஸ்கட் மாதிரி உடையும். உப்புத்தாளால் உரசாதீர்கள், கீறல்களில் அடுத்த படலம் இன்னும் வசதியாக உட்காரும். கை நடுங்குகிறவர்கள் தம்பியையே கூப்பிடுவது நல்லது.

எந்தச் சாட்சி தவறியது என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை. கீழ்க்கதவில் சின்னக் கண்ணாடித் துளை ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு விளக்கு மின்னும். எத்தனை முறை மின்னினால் என்ன கோளாறு என்ற அட்டவணை கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். கதவைத் திறப்பதற்கு முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். கதவைக் கழற்றினால் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும், மின்னலும் போய்விடும். காற்றை வடிகட்டும் ஃபில்டரை மாற்றிவிட்டுக் கதவைச் சரியாகப் பொருத்தாமல், 'ஃபர்னஸ் செத்துப்போச்சு' என்று பதறியவர்களில் நானும் ஒருவன்.

ஃபில்டர் என்றதும் நம் சமையலைச் சொல்லாமல் இருக்க முடியாது. மீன் பொரித்த எண்ணெய்ப் புகை, சாமியறைச் சாம்பிராணி, கம்பளத் தூசி எல்லாம் கடைசியில் அந்த அட்டைச் சட்டத்தில்தான் படிகின்றன. அடைத்துப்போனால் காற்றோட்டம் குறையும். வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க முடியாமல் உலோகம் அளவுக்கு மீறிச் சுடும். உச்சவெப்பச் சுவிட்ச் காஸை நிறுத்தும். பெரிய விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், காற்று குளிராக வரும். ஒரு அங்குல ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதமொரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். சட்டத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர். காஸில் இருக்கும் மீத்தேன் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ நீர் உண்டாகும். பழைய ஃபர்னஸ் அதை நீராவியாகவே புகைக்கூண்டில் விட்டது. புதியவை அந்த ஆவியைக் குளிரவைத்து, அதிலிருக்கும் வெப்பத்தையும் பிடுங்கிக்கொள்கின்றன. அதனால்தான் 95 சதவீதத் திறனும், புகை ஆறிவிடுவதால் உருகாத பிளாஸ்டிக் குழாயும் சாத்தியம். அந்த நீர் வடிகிற மெல்லிய குழாயில் பாசி அடைத்தால் மேலே தேங்கும், உறிஞ்சலைப் பார்க்கும் சுவிட்ச் திரும்பவும் 'இல்லை' என்று சொல்லிவிடும்.

இவ்வளவு சந்தேகப்படும் இயந்திரம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: வீட்டுக்காற்றில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கலந்திருக்கிறதா? புகைக்குழாய் இணைப்பு கழன்றாலோ நெருப்பின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதியான வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு விழுந்தாலோ அது தானாகக் கண்டுபிடிக்காது. மணமும் நிறமும் இல்லாத வாயு. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டாக் நகரில் காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு, ஒரு வீட்டில் நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் 2013-இல் அந்தக் குடும்பத்தின் பெயரால் ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டம் வந்தது. காஸ் எரியும் வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமானது.

அந்த அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கத்தில் திகதி அச்சிட்டிருக்கும். இதை எழுதும்போது எழும்பிப் போய் எங்கள் வீட்டு அலாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். முடிந்து இரண்டு வருடம்.