பெல்லட் கிரில் வாங்குவதற்கு முன் பர்னர்க்காரரிடம் கேட்க வேண்டியவை

வைகாசி மாதத்தில் ஒரு நாள் காலை, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மூன்று பெல்லட் கிரில்களின் படங்களை என் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, கையோடு அழைத்து, "ஏனுங் தம்பி, இதுல எது பெருசுங்க?" என்று கேட்டார். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்யும் சிறு எரிபொருள் துண்டு; கோவையில் அதை எரிக்கும் பர்னர்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். பேக்கரி அடுப்பு, பவுடர் கோட்டிங் சூளை, கல்யாண மண்டபச் சமையற்கூடம் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு, சில ஆண்டுகளாகப் பண்ணை வீடுகளிலிருந்தும் மலையடிவார விடுதிகளிலிருந்தும் இறைச்சி சுடும் பெல்லட் கிரில்களும் பழுதுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அளவு, அடுத்தது விலை. அளவு போதாமல் பழுதான கிரில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை எரிபொருளாலோ மின்சாரத்தாலோ கெட்டவை.

அந்தப் பெரியவரின் பழைய கிரில்லும் அப்படித்தான். அமெரிக்காவிலிருக்கும் மருமகன் கப்பலில் அனுப்பி வைத்தது. முந்தைய ஐப்பசி மழையில் அது நின்றுபோய், நான் திறந்து பார்த்தபோது, தொட்டிக்கு அடியில், பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் ஸ்க்ரூ ஓடும் குழாய் முழுவதும் பெல்லட்டுகள் ஈரத்தில் உப்பி, மரத்தூளாகி, பின்பு காய்ந்து சிமெண்டு போல இறுகியிருந்தன. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூவின் தலையில் பைப் ரிஞ்ச் போட்டுத் திருகினால், தலை முறுக்கிக்கொண்டதே தவிர உள்ளே அசைவில்லை. நீண்ட உளியை வைத்து இரண்டு மணி நேரம் கொத்தி எடுத்தோம். வெளியே வந்த தூளை முகர்ந்தால் பிளைவுட் அறுக்கும் பட்டறையின் வாடை அடித்தது. சாயப்பட்டறைக் கொதிகலன்களுக்குப் பெல்லட் கொடுக்கும் ஒருவரிடம் பெரியவர் நான்கு மூட்டை வாங்கிப் போட்டிருக்கிறார். "கோழி பெயிண்டு வாசம் அடிக்குதுன்னு ஊட்ல சொன்னாங்க. மசாலாதான் சரியில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க" என்றார்.

பெல்லட் கிரில் என்பது பெயரில் அடுப்பாக இருந்தாலும் வேலையில் ஒரு சிறிய கொதிகலன் பர்னர். ஒரு பக்கத்துத் தொட்டியில் பெல்லட்டைக் கொட்டி வைத்தால், அடியிலுள்ள ஸ்க்ரூ அதைச் சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும், அங்கே ஒரு மின்கம்பி பழுத்துப் பற்றவைக்கும், புளோயர் காற்றூதும், உள்ளே நீட்டியிருக்கும் சென்சாரின் வெப்ப அளவைப் பார்த்து, ஸ்க்ரூ எவ்வளவு ஓட வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் முடிவு செய்யும். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் வீடுகளைச் சூடாக்கப் பரவிய பெல்லட் அடுப்பைப் பார்த்து, ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் ஊரில் ஜோ டிரேகர் 1980களில் சமையலுக்கென இதை உருவாக்கினார். 1986இல் பெற்ற அவருடைய காப்புரிமை 2006இல் முடிந்தபின் பல நிறுவனங்கள் இதே அமைப்பைக் கொண்டு வந்தன. ஆகவே இன்று கடையில் நிற்கும் மாடல்களுக்கு எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றுதான். வேற்றுமை மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் தகட்டிலும் இருக்கிறது. ஒப்பிட வேண்டியதும் அவற்றைத்தான்.

ஆனால் அதற்கும் முன்பாக, "இதற்கு எந்தப் பெல்லட்டை, எங்கிருந்து, மாதந்தோறும் வாங்குவீர்கள்?" என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் பிழியும்போது எழும் சூட்டில், மரத்திலேயே உள்ள லிக்னின் இளகிப் பசையாகிறது; நல்ல பெல்லட்டுக்கு வேறு பசை தேவையில்லை. வீடுகளைச் சூடாக்கும் பெல்லட்டுக்கான சர்வதேசத் தரத்தில் முதல் வகைக்கு ஈரம் 10 சதவீதத்துக்குள்ளும் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அதாவது ஒரு கிலோ எரிந்தால் ஏழு கிராம் சாம்பல். நம் பக்கம் கொதிகலன்களுக்கு வரும் பெல்லட்டில் கடலைத்தொட்டு எனும் நிலக்கடலை ஓடு, மரக்கடைத் தூள், பிளைவுட் தூள் என்று கிடைத்ததெல்லாம் கலந்திருக்கும். நெல் உமி கலந்தால் நிலைமை இன்னும் மோசம். உமியில் மட்டும் 15 முதல் 20 சதவீதம் வரை சாம்பல் உண்டு. கொதிகலனுக்கு அதனால் பெரிய இழப்பில்லை, சாம்பலை வாரிக் கொட்ட ஆள் இருக்கிறார். உள்ளங்கை அகலமுள்ள தீக்கிண்ணமோ இரண்டு மணி நேரத்தில் நிறைந்து, காற்றுத்துளைகள் அடைபட்டு, தீ அணைந்துவிடும். பிளைவுட் தூளில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருப்பதால், அந்தப் புகையில் சுட்ட இறைச்சியை உண்ணவே கூடாது. கிரில்லுக்கு உணவுத்தரப் பெல்லட் மட்டுமே ஏற்றது.

வெளிநாட்டிலிருந்து வரும் உணவுத்தரப் பெல்லட் பெரும்பாலும் ஒன்பது கிலோப் பையாகக் கிடைக்கிறது. பை மேல் ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி என்று எழுதியிருந்தாலும், சிலவற்றில் பெரும்பகுதி ஓக் அல்லது ஆல்டர் மரமே என்பதைச் சிறிய எழுத்தில் காணலாம். அமெரிக்கர்கள் காசு கொடுத்து வாங்கும் மெஸ்கீட் மரத்துக்கு நம் சீமைக்கருவேலம் பங்காளி முறை என்பதை நினைக்கும்போது, வேலியோரம் அதை வெட்டிக் கரியாகச் சுட்டு மூட்டை கட்டும் எங்களூர்க்காரர்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

வாடிக்கையாளர்களுக்கு நான் எப்போதும் ஒன்றைச் செய்து காட்டுவேன். ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு பெல்லட்டைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், காபி குடித்து முடிப்பதற்குள் அவை பொங்கிப் பழையபடி மரத்தூளாகிவிடும். மழைக்காலத்தில் தொட்டிக்குள் நடப்பதும் இதுதான், நடக்க நாள்கள் பிடிக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. எனவே, மீந்த பெல்லட்டை வடித்தெடுக்கத் தொட்டியின் அடியிலோ பக்கத்திலோ கதவுள்ள மாடலையே தேர்ந்தெடுங்கள். அது இல்லாத தொட்டியில் கையை விட்டு அள்ள வேண்டும். இரண்டு முறை அள்ளுவீர்கள், மூன்றாம் முறை அப்படியே விட்டுவிடுவீர்கள்.

அடுத்தது மின்சாரம். அமெரிக்கச் சந்தைக்கான மாடல்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மறந்துபோய் நேரடியாகச் செருகினால் பற்றவைக்கும் கம்பியில் ஏறும் வாட் மூன்றரை மடங்குக்கும் மேலாகும். அது ஒரு பொழுதுக்குக்கூடத் தாங்காது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் சரியாகாது. ஏ.சி. மோட்டார் கொண்ட ஸ்க்ரூ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், புளோயரும் மந்தமாகும். கன்ட்ரோலர் நல்லதாக இருந்தால் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். பழைய வகையாக இருந்தால் கிரில் கேட்ட சூட்டை எட்டாமலேயே நிற்கும். டி.சி. மோட்டார் உள்ள மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. விற்பவரிடம் மோட்டார் ஏ.சி.யா டி.சி.யா என்று கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் மோட்டாரின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சாளை எனப்படும் தோட்டத்து வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. சுற்றிலும் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கியதை என் மீட்டரில் பார்த்திருக்கிறேன். 230 வோல்ட்டில் 300 வாட் இழுக்கும் பற்றவைப்புக் கம்பி 180 வோல்ட்டில் சுமார் 184 வாட் மட்டுமே தரும். கம்பி போதிய சூடாவதற்குள் ஸ்க்ரூ பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தீ பிடிக்காமல் கிண்ணம் நிரம்பி, வெறும் புகை மண்டும். பிறகு ஒரு நொடியில் எல்லாம் சேர்ந்து குப்பென்று பற்றி மூடியைத் தூக்கியடிக்கும். இப்படிப் புருவமும் முன்முடியும் கருகிய இருவரை நான் அறிவேன். பற்றாமல் அணைந்துபோனால், மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்து, மூடியைத் திறந்துவைத்த பிறகே மீண்டும் தொடங்க வேண்டும்.

ஓடும்போது மின்சாரம் போய்விட்டால் நேர்வது இதற்கு நேர்மாறானது. புளோயரும் ஸ்க்ரூவும் நின்றுவிட, கிண்ணத்துத் தணல் ஸ்க்ரூ குழாய் வழியே பின்னோக்கி ஊர்ந்து தொட்டியை நோக்கிச் செல்லும். பர்னர் தொழிலில் இதைப் 'பேக் ஃபயர்' என்போம். தொட்டியின் மூடி திறந்து கிடந்தாலோ, பெல்லட் தீர்ந்து குழாயில் காற்று புகுந்தாலோ இது விரைவாக நடக்கும். ஆகையால் சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. மோட்டார் உறுமிச் சூடாகும் என்பதை நினைவில் வைத்து, சைன் அலை இன்வெர்ட்டர் ஒன்றை இதற்கென ஒதுக்கிவிடுங்கள். தீப்பிடித்த பிறகு கிரில் இழுப்பது ஐம்பது வாட் அளவுதான் என்பதால் சிறியதே போதும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குவதும் இதே ஆபத்துதான். மீந்த பெல்லட் எரிந்து தீரும் வரை புளோயர் சில நிமிடங்கள் ஓடி, தானாக நிற்க விட வேண்டும்.

கன்ட்ரோலரைப் பொறுத்தவரை, பழைய வகை ஸ்க்ரூவைப் பதினைந்து விநாடி ஓட்டி, அறுபத்தைந்து விநாடி நிறுத்தி என்று கடிகாரக் கணக்கில் ஓட்டும். சூடு மேலும் கீழும் ஊசலாடும். பி.ஐ.டி. வகை, சூடு எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதையும் பார்த்துத் தள்ளுவதால் சொன்ன அளவுக்கு அருகிலேயே நிற்கும். இப்போது வாங்குவதென்றால் இரண்டாவதையே வாங்குங்கள். கைப்பேசியில் பார்க்கும் வசதிக்காகக் கூடுதல் விலை கொடுப்பது என் கருத்தில் வீண். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதே தென்னை மரத்தின் உச்சியில்தான்.

தகட்டில் ஏமாற்று அதிகம். 'எஸ்.எஸ்.' (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொன்னால் மட்டும் போதாது. 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். 304இலும் 202இலும் ஒட்டாது. 202இல் நிக்கல் குறைவு, திறந்தவெளியில் வைத்தால் விரைவில் துருப்பிடிக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து 304 என்று நம்பிவிடாமல், பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். உள்ளூர்ப் பட்டறையில் செய்கிறவர்கள் எண்ணெய் வடியும் தட்டுக்கு ஜி.ஐ. தகடு போட்டிருந்தால் கட்டாயம் மாற்றச் சொல்ல வேண்டும். துத்தநாகப் பூச்சு 200 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுநேரம் இருக்கத் தகுந்ததல்ல, அந்தத் தட்டோ தீக்கு நேர்மேலே இருப்பது.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விளம்பரத்தில் உள்ள சதுர அங்குலக் கணக்கில் மேல்தட்டுகளும் சேர்ந்திருக்கும். கீழ்த்தட்டின் நீள அகலத்தை மட்டும் கேளுங்கள். புகையில் மெதுவாக வேகவைக்கும் 107 டிகிரியில் மணிக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரையும், முழுச் சூட்டில் ஒரு கிலோவுக்கு மேலும் பெல்லட் செலவாகும். பெரிய பெட்டியைச் சூடாக்க அதைவிடக் கூடும். பெரும்பாலான மாடல்கள் 260 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் இதில் தந்தூர் நானும் சுட முடியாது, பள்ளிபாளையம் சிக்கனின் இரும்புச்சட்டிச் சூடும் கிடைக்காது. கொழுப்பில்லாத நாட்டுக்கோழியையும் வெள்ளாட்டுத் தொடையையும் மூடாமல் நீண்ட நேரம் வைத்தால் நார்நாராகக் காய்ந்துவிடும். பாதியில் வாழையிலையில் சுற்றி, மேலே ஃபாயில் போர்த்தி வைப்பது நல்லது.

பெரியவர் அனுப்பிய மூன்றில் ஒன்று 120 வோல்ட் மாடல், முதலிலேயே நீங்கிவிட்டது. இரண்டாவது 230 வோல்ட். எல்லாம் சரியாக இருந்தும், பற்றவைக்கும் கம்பி போனால் கடல் கடந்து வர வேண்டும் என்ற நிலை. மூன்றாவது கோவை கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்காரர் செய்தது. அதில் ஸ்க்ரூ நேராகக் கிண்ணத்துக்குள் முட்டாமல், மேலேயே முடிந்து, பெல்லட் ஒரு சரிவுக்குழாய் வழியே கீழே விழுகிறது; தீ ஏறிவர முடியாதபடி இடையில் இடைவெளி இருக்கிறது. நாங்கள் பர்னர்களில் விரும்பிச் செய்யும் அமைப்பு அது. மோட்டாரும் கன்ட்ரோலரும் கோவைக் கடைகளில் கிடைப்பவை. ஸ்க்ரூ குழாயை வெல்டிங் செய்து மூடியிருந்ததை கழற்றித் திறக்கும்படி ஃபிளாஞ்சு போட்டு நட்டு போல்ட்டாக மாற்றவும், ஜி.ஐ. தட்டை எடுத்துவிட்டு 304 தட்டு வைக்கவும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூலம் இணைப்புக் கொடுக்கவும் சொன்னேன். "மூணுலயும் இதான் சிறுசாட்ட இருக்குதுங்க" என்று பெரியவர் ஒரு முறை முணுமுணுத்தார்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று, பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றும் அதே வேகத்தில் கிரில்லின் புகைபோக்கிக்குள்ளும் புகுந்து தீயைக் குழப்பும். அதனால் கிரில்லைச் சாளையின் கிழக்குச் சுவருக்கு அப்பால், கீற்றுக் கொட்டகையிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் நிறுத்தினோம். கார்பன் மோனாக்சைடு தேங்கும் என்பதால் மூடிய தாழ்வாரத்தில் இதை எரிக்கவே கூடாது. முதல் நாள் இறைச்சி இல்லாமல் ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் ஓட்டினோம். எரிந்தது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆறிய சாம்பலைச் சமையலறைத் தராசில் வைத்தபோது எட்டு கிராம் காட்டியது. ஆடி நோம்பி கழிந்த ஞாயிறு நான்கு கோழிகள் வைத்தார்கள். தொடையின் எலும்போரம் குத்திய வெப்பமானிக் கம்பியில் 74 டிகிரி வந்ததும் எடுத்துப் பரிமாறினார்கள். நான் புறப்படும்போது, பேரன் தொட்டியின் கதவைத் திறந்து மீந்த பெல்லட்டைத் தகர டப்பாவில் வடித்துக்கொண்டிருந்தான்.